விற்றதில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள்

1

ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒட்டாவா விமான நிலையத்தின் சரக்குப் பிரிவிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வரும். உங்கள் பெயருக்கு மீன் வந்திருக்கிறது, அடையாள அட்டையோடு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு அரசாங்கத் தொனியில் எனக்கு வருகிற அழைப்பு இது ஒன்றுதான். அதனால் சட்டையை மாற்றிக்கொண்டு போவேன்.

அட்டைப் பெட்டிக்குள் எட்டுப் பத்து மீன்கள் விறகுக் கட்டைகளைப் போல உறைந்து கிடக்கும். ஒன்றோடொன்று தட்டினால் கட்டையின் சத்தமே வரும். அனுப்புகிறவர் ஜோவானசி. பேஃபின் தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஒரு சிற்றூர்க்காரர், இனுயிட் இனத்தவர். நாம் பள்ளிக்கூடத்தில் எஸ்கிமோ என்று படித்தோமே, அவர்கள். அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்காது, நீங்களும் விட்டுவிடலாம்.

இந்த வருஷம் மீன்களுக்கு நடுவே, ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் மடித்து, ஒரு கடிதத்தின் நகல் இருந்தது. நான் முன்பு வேலை பார்த்த துறையின் கடிதம். இரண்டு பக்கம். இந்த மாதிரிக் கடிதங்களை நான் தொடக்கத்திலிருந்து படிப்பதில்லை. இரண்டாம் பக்கத்தில் 'எனினும்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இருந்தது. பிறகு படிக்க எதுவும் இல்லை.

அந்த ஊர்க் கரைக்கு எதிரே ஆழ்கடலில் டர்பட் என்றொரு தட்டை மீன் கிடைக்கிறது. தெற்கிலிருந்து வரும் கம்பெனிக் கப்பல்கள் அதை அள்ளிக்கொண்டு போகின்றன. யார் எத்தனை டன் பிடிக்கலாம் என்று அரசாங்கம் ஒதுக்கீடு செய்கிறது. தங்கள் வாசலில் கிடைக்கும் மீனில் தங்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று அந்த ஊர் விண்ணப்பித்தது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தவன் நான். கிடைக்கவில்லை.

கடிதத்தின் பின்பக்கம் ஜோவானசி பென்சிலால் எழுதியிருந்தார்: "அடுத்து என்ன செய்யணும்? உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். அதுதான் சங்கடம்.

2

ஜோவானசியை நான் முதலில் சந்தித்தது பணியில் இருந்தபோது. அவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் நில உரிமை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, ஊர் ஊராகப் போய் ஒதுக்கீட்டு முறையை விளக்கும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். ஒதுக்கீட்டைப் படித்துக் காட்டி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டோம். அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் நிகழ்ச்சிக் குறிப்பில், 'ஊரார் தரப்பில் கருத்து எதுவும் தெரிவிக்கப்படவில்லை' என்று எழுதினேன்.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஜோவானசி என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் நிறுத்தி நிறுத்தி, சிரிக்காமல் கேலி பேசும் அந்தத் தோரணை எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுடையது. என் காதில் அது திண்டுக்கல் பேச்சாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"எங்க ஆளுக ஆமான்னா புருவத்தத் தூக்குவாக. இல்லைன்னா மூக்கச் சுருக்குவாக. வாயத் தொறக்க மாட்டாக."

"அப்படியா? இன்னைக்கு என்ன செஞ்சாங்க?"

"அம்புட்டுப் பேரும் மூக்கச் சுருக்குனோம். நீங்கதான் குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தீக."

குறிப்பைத் திருத்த வழி இருந்தது. திருத்தத்துக்குத் தனிப் படிவம் உண்டு. அதில் மூன்று பேர் ஒப்பம் இடவேண்டும். மற்ற இருவரும் மூக்கைச் சுருக்குவதை ஓர் ஆட்சேபமாகப் பதிவு செய்ய விதி இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. விதி இல்லை.

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மீன்பிடி உரிமம் கொடுக்கும்போது, கரையை ஒட்டி வாழ்கிறவர்கள் யார், அந்தக் கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் யார் என்பதற்குச் சிறப்புக் கவனம் தர வேண்டும் என்று அது சொல்கிறது. கவனம் தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. மீன் தர வேண்டும் என்று சொல்லவில்லை. அலுவலகம் கவனம் தரும். பிறகு, இதற்கு முன் அங்கே யார் பிடித்து விற்றார்கள் என்று பழைய பதிவுகளைப் பார்க்கும். கப்பல் வைத்திருந்தவர்களுக்குப் பதிவு உண்டு. இவர்களுக்குக் கப்பல் இல்லை, அதனால் பதிவு இல்லை; பதிவு இல்லாததால் பங்கு இல்லை; பங்கு இல்லாதவனைக் கப்பல் கட்டுகிறவன் வாசலில் நிற்கவிட மாட்டான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, இப்போது வந்திருக்கும் பதிலுக்குக் காரணமான அந்த விண்ணப்பத்தை எழுதித் தரச் சொல்லி ஜோவானசி என்னைக் கூப்பிட்டார். போனேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கட்டி இறக்கிக் குளிர்காலத்தில் அவர்கள் கொஞ்சம் டர்பட் பிடிக்கிறார்கள். அதைச் சொன்னார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார்: "முதல் நாள் ஏறுற மீன நாங்க விக்கிறதில்ல. புருசன் இல்லாதவுக, கண்ணு தெரியாதவுக வீட்டுக்குத்தான் போகும். இதையும் எழுதுங்க."

பேனாவை மூடி வைத்தேன். "இது வேண்டாம்" என்றேன்.

"ஏன்? நெசந்தானே."

"நிஜந்தான். அதனாலதான் வேண்டாங்கிறேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவமும் அசையவில்லை, மூக்கும் அசையவில்லை. கடைசியில், "நீங்க படிச்சவுக" என்றார். அந்த வாக்கியம் இல்லாமல்தான் விண்ணப்பம் போனது.

3

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். மேட்டுப்பட்டி வீட்டிலிருந்து சைக்கிளில் போவேன். பாதிரியார்கள் நடத்திய பள்ளியில் அடி வாங்கிப் படித்த ஆங்கிலம், அச்சுப் போன்ற கையெழுத்து, இருபத்து மூன்று வயது. விதிப் புத்தகத்தை ஒரு கோடையில் மனப்பாடம் செய்திருந்தேன். மற்றவர்கள் அந்த வயதில் வேறு எதையோ மனப்பாடம் செய்வார்கள்.

குளங்களின் மீன் குத்தகை என் மேசைக்கு வந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே ஒரு குளம். ஐப்பசி கார்த்திகையில் நிறைந்து சித்திரையில் வற்றிவிடும். வருஷா வருஷம் அதன் மீனை ஏலம் விடுவோம்; டவுன்காரர் யாராவது எடுப்பார். அவர் ஆட்கள் வலை போட்டு முடித்ததும், முழங்கால் அளவுக்குச் சேறும் தண்ணீருமாகக் கிடப்பதை ஊருக்கு விட்டுவிடுவார்கள். அது எழுதப்படாத ஏற்பாடு.

அந்த ஒரு நாளுக்காக ஊர் வருஷம் முழுவதும் காத்திருக்கும். விடிந்ததும் எல்லோரும் கரையில் நிற்பார்கள், கையில் ஊத்தாவோடு. ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. சேற்றில் கவிழ்த்து, மேல் வாய் வழியே கையை விட்டு மீனைத் துழாவ வேண்டும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் மொத்த ஊரும் இறங்கும். ஒரே ஒரு சட்டம்தான். அந்த மீனை விற்கக் கூடாது. குளத்தில் இறங்க முடியாத வீடு, துக்க வீடு, பிள்ளை பெற்ற வீடு எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து பங்கு போகும். ஒரு முறை ஒருவர் இரண்டு கெளுத்தியைச் சந்தையில் விற்றுவிட்டாராம். அடுத்த வருஷம் அவர் குடும்பம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதிதாக வந்த குத்தகைக்காரர், கடைசி மீன் வரைக்கும் என்னுடையது, சேற்றில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சட்டப்படி சரி. அடுத்த ஏலத்துக்கு முன்னால் அந்த ஊரிலிருந்து ஆறேழு பேர் என் மேசைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் வீரணன், குளத்து மடையைத் திறந்து மூடுகிறவர். ஐம்பது வயது இருக்கும், என்னைச் சாமி என்று அழைத்தார்.

"எங்களுக்கு அந்த ஒரு நா வேணும் சாமி. வேற ஒண்ணும் வேணாம்."

"ஒரு நாளைத் தனியா ஏலம் விட முடியாது. குளம் மொத்தமும்தான்."

"அப்பக் கொளம் மொத்தத்தையும் குடுங்க. ஒரு நா போக மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. உதவ வேண்டும் என்றுதான் நினைத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். உள்ளூர் மீனவர் சங்கம் என்றால் ஏலம் விடாமல் நேரடியாகக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அது அந்த அலுவலகத்தில் என் ஒருவனுக்குத்தான் நினைவில் இருந்தது. சங்கம் பதிவு செய்யும் வழியைச் சொல்லிக் கொடுத்தேன். நாலு மாதம் அலைந்து பதிவு செய்துகொண்டு வந்தார்கள். விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன்.

ஏழாவது கேள்வி: 'மேற்படி நீர்நிலையில் இதற்கு முன் மீன் பிடித்து விற்ற விவரம்.' படித்துக் காட்டினேன்.

வீரணன் முகம் மாறியது. "வித்ததா? என்ன சாமி இப்படிக் கேட்டுப்புட்டீக. நாங்க என்ன அம்புட்டுக் கேவலமானவுகளா?"

"படிவத்துல கேட்டிருக்கு."

"அப்ப நல்லா எழுதுங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு அயிரை வித்ததில்லன்னு எழுதுங்க. விக்கிறது எங்க ஊர் வழக்கமில்லன்னு எழுதுங்க." மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அழுத்தி எழுதுங்க சாமி."

எழுதினேன். படித்துக் காட்டினேன். கைரேகை வைத்துவிட்டு, நல்ல சாட்சி சொல்லிவிட்டு வந்தவர்களைப் போல நிமிர்ந்து போனார்கள்.

அந்த விண்ணப்பத்துக்குக் குறிப்பு எழுதியவனும் நான்தான். அதுவும் என் மேசை வேலை. 'மனுதாரர்கள் மீன் பிடித்து விற்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர் என்பது ஏழாவது கேள்விக்கு அவர்களே அளித்த விடையால் தெளிவாகிறது. கோரிக்கை கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டது. எனினும், முன்னுரிமைக்கு இடமில்லை.' அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. எங்கள் தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டு, "ஏலே, குறிப்புன்னா இப்படிப் போடணும்டா" என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். எனக்குக் காது சூடானது. வெட்கத்தால் அல்ல.

4

வலை போடும் நாளில் அலுவலகத்தின் சார்பில் ஒருவர் போய் நிற்க வேண்டும். என்னை அனுப்பினார்கள்.

ஊர் முழுவதும் கரையில் நின்றது. கையில் ஊத்தா இருந்தது. இறங்க முடியாது என்று தெரிந்தும் ஏன் கொண்டுவந்தார்கள் என்று எனக்கு அன்று புரியவில்லை. கூச்சல் இல்லை, சண்டை இல்லை. குத்தகைக்காரர் கெட்டவர் அல்ல; ஊர்க்காரர்களுக்கு மட்டும் பாதி விலை என்று கரையைப் பார்த்துச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் மட்டும், "எங்க வீட்டு வெஞ்சனத்த எங்களுக்கே விக்கிறாகளாம்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது.

வீரணன் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கேலியா வருத்தமா என்று சொல்ல முடியாத குரலில் சொன்னார்: "அழுத்தி எழுதுங்கன்னு சொன்னோம். நல்லா அழுத்தித்தான் எழுதிப்புட்டீக சாமி."

நான் மேல்முறையீடு பற்றி ஆரம்பித்தேன். எத்தனை நாளுக்குள், எந்த அதிகாரிக்கு, எத்தனை நகல். சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது குத்தகைக்காரரின் ஆள் தாமரை இலையில் இரண்டு விரால் மீனைச் சுற்றி என் சைக்கிள் பின்னால் கட்டிவிட்டான். வேண்டாம் என்று சொன்னேன். கேட்கும்படியாகச் சொல்லவில்லை. அம்மா குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும்.

5

அறுபதுகள் முடிவதற்குள் கனடாவுக்கு வந்துவிட்டேன். இங்கே மேலும் படித்து, அரசாங்கத் தேர்வு எழுதி, உரிமம் வழங்கும் பிரிவில் சேர்ந்தபோது நேர்காணலில் முன் அனுபவம் கேட்டார்கள். எனக்குப் பதிவு இருந்தது. வேலை கிடைத்தது.

என் மகள் ரீட்டா இங்கே பிறந்தவள். அவள் பள்ளிக் கட்டுரைகளை நான் சிவப்பு மையில் திருத்துவேன். கோப்பில் இல்லாதது நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுது என்பேன். சட்டம் படித்து, நான் ஓய்வு பெற்ற அதே துறையில் சேர்ந்தாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. எனவே இதை அவள் படிக்கப் போவதில்லை. நான் இவ்வளவு தைரியமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் மனைவி குளிருக்குப் பயந்து தை, மாசியில் திண்டுக்கல்லுக்குத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். அந்த இரண்டு மாதமும் ஞாயிறு மதியம் ரீட்டா எனக்குத் துணையாகச் சாப்பிட வருவாள். பெட்டி வந்த வாரம் நான் புளி கொஞ்சம் தூக்கலாக விட்டு மீன் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். நான் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "அப்பா, இது எங்க செக்ஷன் லெட்டர். இதப் பத்தி நான் பேசக் கூடாது."

"பேச வேண்டாம். சரியா எழுதியிருக்கான்னு மட்டும் சொல்லு."

"கரெக்டா இருக்கு. எல்லாத்தையும் கன்ஸிடர் பண்ணியிருக்கோம். ரெக்கார்ட்ல அவங்களுக்குச் சேல்ஸ் ஹிஸ்டரி இல்ல. நீங்க இருந்திருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பீங்க."

"எழுதியிருப்பேன்" என்றேன். "எழுதியிருக்கேன்."

அவளுக்கு அது கேட்கவில்லை. குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மீன் எங்கேருந்து வந்துச்சு?"

"ஜோவானசி அனுப்பினது."

"இந்த லெட்டர் யாருக்குப் போச்சோ, அவரா?"

"ஆமா."

கையை எடுத்துக்கொண்டாள். கோபம் இல்லை. தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தாள். "அப்ப நான் சாப்பிடக் கூடாதுப்பா. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டேன். நாளைக்கு ஆபீஸ்ல டிக்ளேர் பண்ணணும்." எழுந்து கை கழுவிவிட்டு, வேறு தட்டில் தயிர் சோறு போட்டுக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

அவள் செய்தது சரி. விதி அப்படித்தான் இருக்கிறது. அந்த விதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். இரண்டு விராலைச் சாப்பிட்டவனுக்கு, இரண்டு வாய்க்குக் கணக்குச் சொல்லப் போகிற மகள். பெருமைப்பட வேண்டிய விஷயம். நான் மீதி மீனைத் தனியாகச் சாப்பிட்டு முடித்தேன்.

6

மறுநாள் ஜோவானசிக்குத் தொலைபேசியில் பேசினேன். நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம் என்றேன். கேட்டால் நீதிபதி, அலுவலகம் கவனம் தந்ததா என்று பார்ப்பார், தந்திருக்கிறது, கடிதத்திலேயே எழுதியிருக்கிறது. மிஞ்சிப் போனால் மறுபடி பரிசீலிக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார். மறுபடி பரிசீலிப்பார்கள். இதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

"ஆக, ஒண்ணும் செய்ய முடியாது."

"அடுத்த வருஷம் திரும்ப விண்ணப்பிக்கலாம்."

"போடுவோம். அந்த வாக்கியத்தத் திரும்பச் சேத்துருங்க."

"சேர்த்தால் நமக்குத்தான் கெடுதல். அவங்க அதையே எடுத்துக் காட்டுவாங்க."

"எடுத்துட்டும் கெடைக்கலையே. கெடைக்காதது பழக்கந்தான். ஆனா எங்க ஊரு பேர்ல போன காகிதத்துல நாங்க இல்ல. அதுதான் ஒரு மாதிரி இருக்கு."

இறங்க முடியாது என்று தெரிந்தும் ஊத்தாவோடு கரையில் வந்து நின்றவர்கள் நினைவுக்கு வந்தார்கள். புதுப் படிவம் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்து, முன் அனுபவம் பற்றிய கட்டத்தில் அந்த வாக்கியத்தை எழுதினேன். கட்டம் சிறியது, கூடுதல் தாள் இணைக்கக் கூடாது என்று கீழே அச்சடித்திருக்கிறது. நுணுக்கி எழுதினேன். அழுத்தியும் எழுதினேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அதேதான்" என்றார். குரலில் ஒரு நிம்மதி. இந்தப் படிவமும் எங்கே போய் எப்படித் திரும்பி வரும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு ஒவ்வொரு வருஷமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "மீன யாரு யாருக்குக் குடுத்தீக?"

அந்த மீன் ஒரே வீட்டுக்கு அல்ல என்பது அவர் எண்ணம். நான் வழக்கமாக அக்கம் பக்கத்தார் பெயர் இரண்டைச் சொல்லிவிட்டு மீனைக் குளிர்பெட்டியில் அடுக்கிவிடுவேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

"மகளுக்கு வச்சேன்."

"நல்லது. சாப்புட்டாளா?"

நான் மூக்கைச் சுருக்கினேன். தொலைபேசியில் அது தெரியாது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "பரவாயில்ல. இந்தத் தடவ மீனு சின்னது. அடுத்த வருசம் அவளுக்குன்னு தனியாப் பெருசா ஒண்ணு அனுப்புறேன்."